வாய் குறுகிய மிஷின்

அனோசியே வடிவமைத்த பொருள்களில் முதலில் பேர் வாங்கியது ஒரு வாளி. அது எத்தனை பேரைக் கொன்றது என்று அவனுக்கே தெரியாது.

போருக்கு முன்னால் அவன் சைக்கிள் ரிப்பேர் பார்த்தவன். போர் வந்ததும் நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற எங்கள் பியாஃப்ராப் படைக்காரர்கள் ஒரு பள்ளிக்கூடத்தைப் பட்டறையாக்கிக் கைவேலை தெரிந்தவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். வெடிமருந்து கலப்பது படித்தவர்கள் வேலை. அதை எதில் அடைப்பது, எந்தப் பக்கம் வாய் வைப்பது, பசியில் கிடக்கும் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவான் என்று பார்ப்பது அனோசியேவின் வேலை. பின்பக்கம் தடித்து முன்பக்கம் அகன்ற ஒரு வாளியைச் செய்து கொடுத்தான். ஒருநாள் அது வெடிப்பதைப் பார்க்க அவனையும் கூட்டிப்போய்ப் பாதையோரப் புதரில் உட்காரவைத்தார்கள். லாரியில் வந்த நாற்பது பேரில் எழுந்து நின்றவன் ஒருத்தனும் இல்லை.

"என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு, தையக்காரரே," என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். "வாய் அகலம் நான் சொன்னது. ஒரு விரக்கடை கொறச்சிருந்தா பாதிப் பேரு வீட்டுக்குப் போயிருப்பானுக. எல்லாம் சின்னப் பயலுக."

அதற்கு மேல் அவன் போரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

எழுபதில் சண்டை ஓய்ந்தது. அபா நகரில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் வளவில் நான் முன் அறையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். உள் அறைகளில் அனோசியே குடிவந்தான். மனைவி உரேதியா, கைக்குழந்தை உசோமா, உரேதியாவின் தங்கை அக்குவோமா. பட்டறையில் கூட வேலை பார்த்த இரோஹாவும் கூடவே வந்து தெருக்கோடியில் தங்கினான். இரோஹா அவனைவிட ஆறு வயசு இளையவன். மூத்தவனை எங்கள் பக்கம் கூப்பிடுவதுபோல 'தேதே' என்றுதான் கூப்பிடுவான். போரின் கடைசி மாதத்தில் அனோசியே காய்ச்சலில் விழுந்தபோது அவனை முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்தவன் இரோஹா.

இருவரும் சேர்ந்து பட்டறை வைத்தார்கள். விழுந்துகிடந்த ராணுவ லாரிகளின் தகடுதான் மூலதனம். அனோசியே எதையும் காகிதத்தில் வரைய மாட்டான். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவான், அட்டையில் வெட்டுவான், பிறகு நாள்கணக்கில் சந்தையில் போய் நிற்பான். பெண்கள் எப்படிக் குனிகிறார்கள், எந்த இடுப்பில் பிள்ளை, எந்தக் கையில் சுமை என்று வெறிக்க வெறிக்கப் பார்ப்பான். இரண்டு தடவை செருப்படி வாங்கியிருக்கிறான்.

"பொம்பளைய இப்படிப் பாக்குறானே, ஒனக்குக் கோவம் வரலையா?" என்று யாரோ ஒருத்தி உரேதியாவிடம் கேட்டாள்.

"அவரு எங்க பொம்பளையப் பாக்குறாரு? முழங்கையத்தான் பாக்குறாரு. என்னைக் கட்டிக்கிட்டு ஏழு வருசமாச்சு, என் முழங்கை எத்தனை உசரம்னு கேளு, சொல்லுவாரு. மூஞ்சி எப்படி இருக்கும்னு கேளு, முழிப்பாரு," என்றாள் உரேதியா.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் கிழங்கு அரைக்கும் மிஷின். அதுவரை மரவள்ளிக்கிழங்கைக் கையால்தான் துருவினார்கள். ஆணித்துளை போட்ட தகரத்தில் தேய்த்துத் தேய்த்து, எங்கள் பெண்களின் விரல்கணுக்களில் தோலே இருக்காது; துருவலை வறுத்துக் கர்ரி மாவு ஆக்கும்போது அதில் பாதி ரத்தம் என்பார்கள். அனோசியே அந்தத் தகரத்தை ஓர் உருளையில் சுற்றினான். ஆணியை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தான். பற்கள் ஒரே பக்கமாகப் படுத்து நின்றதால் கிழங்கை வெண்ணெய்போல இழுத்தன. மேலே அகலமான மரத்தொட்டி, கீழே டீசல் இன்ஜின், நடுவில் பெல்ட். நாள் முழுக்கத் துருவும் கிழங்கை ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் அரைத்துத் தள்ளியது.

ஓவெரியில் இருந்து, ஒனிட்சாவில் இருந்து, எல்லை தாண்டி கேமரூனில் இருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பார்த்துவிட்டுப் போய் அதேபோலச் செய்துகொண்டார்கள். இரோஹாவுக்கு வயிறு எரியும்.

"தேதே, நாம செஞ்சதை அவனவன் தன் பேருல விக்கிறான். நீங்க பாட்டுக்கு டீ வாங்கிக் குடுத்து அளவு சொல்றீங்க."

"பொம்பளைங்க கையில தோலு மொளைக்குதா இல்லையா? அதைப் பாரு."

எழுபத்து நான்காம் வருஷம் ஜூலையில் ஒரு சந்தை நாள். விடியற்காலையில் இருந்து மழை பிடித்துக்கொண்டு பெய்தது. சந்தையில் எங்கள் வளவுக்காரர்களின் மிஷினை அக்குவோமாதான் ஓட்டினாள். இருபது வயசு, சிரிப்புக்காரி. அக்காள் புருஷனை 'நம்ம வீட்டுக்காரரு' என்பது எங்கள் வழக்கம்; இவள் அதைச் சந்தைக்கே கேட்கும்படி சொல்லி அவனைத் தலைகுனிய வைப்பாள். நான் மிஷின் கொட்டகையின் ஓரத்தில் ஒதுங்கி, வறுத்த சோளமும் ஊபேப் பழமும் தின்றுகொண்டிருந்தேன். வரிசையில் முப்பது பெண்கள். கிழங்கெல்லாம் ஈரம். ஒரு துண்டு தொட்டியில் குறுக்கே மாட்டிக்கொண்டது. அவள் என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடியே அதைக் கையால் தள்ளினாள்.

இன்ஜினின் சத்தம் ஒரு நொடி கனத்தது. அவ்வளவுதான். கத்தல் பிறகுதான் வந்தது.

வலது கை மணிக்கட்டுக்கு மேலே வரை உள்ளே போயிருந்தது. பெல்ட் வழுக்கிக்கொண்டு புகைந்தது. கீழே சட்டியில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது சிவந்தது. நான் கையிலிருந்த குடையை பெல்ட்டுக்குள் குத்தினேன். குடை சிதறியது, பெல்ட் கழன்றது. இரண்டு ஆண்கள் அவள் தோளைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். அவள் கத்திய கத்தலில் மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் சிதறி ஓடின.

"இழுக்காதீங்கடா, இழுத்தா அந்து போகும்," என்று ஓடிவந்தான் அனோசியே. அவர்களை உதைத்துத் தள்ளினான். மண்டியிட்டு உருளையின் அச்சை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பினான். பற்கள் சாய்ந்து நின்ற திசை அங்கே நின்றவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு விரக்கடையாகத் திருப்பினான்.

"என்னைப் பாரு அக்குவோமா. கீழ பாக்காத. என்னையப் பாரு."

"வீட்டுக்காரரே," என்றாள் அவள்.

கை வெளியே வந்தது. கை என்று சொல்லக்கூடாது. அவன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினான். ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் வீடு திரும்பிய நாலாம் நாள் வளவில் சண்டை வெடித்தது. உரேதியா உரலை உருட்டிவிட்டு உலக்கையோடு எழுந்து நின்றாள்.

"நீ செய்யிற வாய் எல்லாம் ஆளத் திங்குது. சண்டையில தின்னுச்சு, அது சண்டைனு இருந்தேன். இப்ப என் தங்கச்சியத் தின்னுருச்சு. அடுத்து யாரு? உசோமாவா?"

"அடி," என்றான் அவன். வாசலில் உட்கார்ந்திருந்தவன் தலையைக் குனிந்து காட்டினான்.

அவள் நிஜமாகவே அடித்தாள். தோளில் விழுந்த அடியில் அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். இரண்டாவது அடிக்கு நான் போய் உலக்கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டிலில் கிடந்த அக்குவோமா உள்ளிருந்து சொன்னாள்:

"அக்கா, அவர் கைய ஒடிச்சிராத. வீட்டுக்கு ரெண்டு கையாவது வேணும்."

மறுநாள் அவன் ஒரு கயிற்றோடு சந்தைக்குப் போனான். கிழங்கு அரைக்க வந்த ஒவ்வொரு பெண்ணின் கையையும் தோளிலிருந்து விரல்நுனி வரை அளந்தான். இந்த முறை யாரும் செருப்பைக் கழற்றவில்லை. நெட்டையான ஒரு மீன்காரியின் கைதான் அபாவிலேயே நீளம். அவளை மூன்று தடவை வரச்சொன்னான். "என்னய்யா, எனக்குச் சட்டை தைக்கப் போறியா? அதுக்குத்தான் தையக்காரரு இருக்காரே," என்று அவள் கேட்டாள். கூட்டம் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் அட்டையை வெட்டிக்கொண்டே இருந்தான். வந்தது புது மிஷின். தொட்டியின் அகலவாய் போய், மீன்காரியின் கையைவிட நீளமான ஒரு கழுத்து வந்தது. உள்ளே எட்டிப்பிடித்தாலும் விரல் உருளையைத் தொடாது. கிழங்கைத் தள்ள ஒரு மரக்கட்டை. அடியில் ஒரு மிதி. காலை எடுத்தால் பெல்ட் தளர்ந்து உருளை நின்றுவிடும். ஆனால் தகடு கூடுதல், வேலை கூடுதல், அரைப்பதும் கொஞ்சம் மெதுவு.

இரோஹா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"நல்லாத்தான் இருக்கு தேதே. யாரு வாங்குவான்?"

"இனிமே பழசு செய்யக் கூடாது. இதுதான்."

"மத்தவன் பழசைச் செய்வான். அது வேகமா அரைக்கும், சல்லிசு. நாம ஒக்காந்து ஈ ஓட்டணும். ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே கைய விட்டா, அதுக்கு நான் என்ன பண்ணுறது? கத்தி செய்யிறவன் வெரலு வெட்டுதுனு மொண்ணைக் கத்தியா செய்வான்?"

அனோசியே எழுந்து அவனை அறைந்தான். இரோஹா திருப்பி அடிக்கவில்லை. தன் சுத்தியல், ரம்பம், ஒரு பட்டறைக்கல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு போனான். தெருக்கோடியில் தனிப் பட்டறை. அகலவாய் மிஷின்களாகச் செய்து தள்ளினான். ஒரு வருஷத்துக்குள் சந்தையில் ஏழு நின்றன, நாலு அவனுக்கே சொந்தம். அனோசியேவின் வாய் குறுகிய மிஷின்கள் இரண்டுதான். உரேதியா ஒன்றை ஓட்டினாள், மிதியில் காலும் இடது கையில் கட்டையுமாக அக்குவோமா ஒன்றை ஓட்டினாள்.

அந்த வருஷத்தில் அகலவாய்களில் நாலு பேருக்கு விரல் போனது. ஒவ்வொரு தடவையும் அனோசியே ஓடுவான். உருளையைப் பின்பக்கம் திருப்பக் கூப்பிட்டு அனுப்புவார்கள். திரும்பிவந்து கை கழுவிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான். இரோஹாவிடம் மூன்று முறை போய்க் கெஞ்சினான். புது மிஷினின் அச்சு அட்டையைச் சும்மா தருகிறேன் என்றான். "எனக்குப் பிள்ளைக இருக்கு தேதே," என்றானாம் இரோஹா.

ஐந்தாவது ஒரு கர்ப்பிணி. அவள் தோள்துணியின் நுனி உருளையில் மாட்டி, கழுத்தைச் சுற்றி இறுக்கி, முகத்தோடு இழுத்துப்போனது. இந்தத் தடவை அவன் போய்ச் சேர்ந்தபோது திருப்புவதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் பட்டப்பகல். நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அனோசியே பெரிய சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என் வாசலைக் கடந்து போனான்.

"எங்க?" என்றேன்.

"வேலைக்கு."

நான் பாவாடையைப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் பின்னாலேயே போனேன். முதல் அகலவாய் மிஷினின் தொட்டியை ஓர் அடியில் பிளந்தான். ஓட்டிக்கொண்டிருந்தவன் ஓடினான். இரண்டாவது, மூன்றாவது. வெறியில் அடிக்கவில்லை, எங்கே அடித்தால் மறுபடி ஒட்ட முடியாதோ அங்கே அடித்தான். அச்சு, தாங்கி, உருளை. ஆறாவது மிஷினில் இருக்கும்போது மிஷின்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எவனோ "கள்ளன்" என்று கத்தினான். எங்கள் சந்தையில் அந்தச் சொல் போதும். கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன்கூட என்ன ஏது என்று கேட்காமல் ஒரு கட்டையோடு வந்தான். ஸ்பானர் ஒன்று அனோசியேவின் தாடையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் உள்ளே புகப் பார்த்தேன். முகத்தில் ஒரு குத்து, கீழே விழுந்து மிதிபட்டேன். கால்களுக்கு நடுவில்தான் மீதியைப் பார்த்தேன்.

இரோஹா வந்தான். உடைந்து கிடந்த தன் மிஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் முகம் சாம்பலாகிவிட்டது. கீழே கிடந்த சம்மட்டியை எடுத்தான்.

"பிடிங்க அவன் கைய."

ஏழாவது மிஷினின் சட்டத்தின்மேல் அனோசியேவின் வலது கையை நீட்டிப் பிடித்தார்கள். இரோஹா இரண்டு தடவை அடித்தான். முதல் அடிக்கு அனோசியே கத்தினான். இரண்டாவதுக்குச் சத்தம் வரவில்லை.

"இது பத்தாது. மிஷினுக்குள்ள விடு. அவன் கையையும் அரைக்கட்டும்," என்றான் ஒருவன். யாரோ இன்ஜினைச் சுற்றிக் கிளப்பினார்கள். உருளை சுழல ஆரம்பித்தது. இரோஹா வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்மட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அக்குவோமா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். யாரிடமும் கெஞ்சவில்லை. மிஷின் பக்கத்தில் போய் நின்று, தன் இடது கையை முழங்கை வரை அந்த அகலவாய்க்குள் விட்டாள். விரல்நுனிக்கும் பற்களுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்திருக்கும்.

"இவரு கைக்கு முன்னாடி இது போகட்டும், இரோஹா," என்றாள். "ஒண்ணுதான் மிச்சம். நீயே பாத்து அரைச்சுக்கோ."

"எடு கைய," என்றான் அவன்.

"நேத்து செத்தவ வயித்துல எத்தனை மாசம்னு ஒனக்குத் தெரியுமா? ஏழு. நான் கேட்டுட்டு வந்தேன்."

அவள் கை இன்னும் கீழே இறங்கியது. இரோஹா சம்மட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பெல்ட்டை உதைத்துத் தள்ளினான். காலில் சதை கிழிந்தது.

கட்டைகளோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தொங்கப்போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியாது. நெட்டை மீன்காரி முன்னால் நின்றாள்.

அன்று யாரும் கிழங்கு அரைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் இருநூறு பெண்கள் இரோஹாவின் வளவுக்குப் போனார்கள். ஓர் ஆண் எல்லை மீறினால் அவன் வீட்டை வளைத்து அவமானப்படுத்துவது எங்கள் பெண்களின் பழைய தண்டனை; 'ஆள்மேல் உட்காருவது' என்போம். அவர்களின் பாட்டிகள் வெள்ளைக்காரன் மேலேயே உட்கார்ந்தவர்கள். உலக்கையால் அவன் சுவரைக் குத்திப் பாதியைச் சரித்தார்கள். கூரைத்தகரத்தை உரித்தார்கள். அவனுடைய ஆண்மையைப் பற்றி நாள் முழுக்கப் பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பாட்டை என்னால் எழுத முடியாது. அவன் பெண்டாட்டியும் வெளியே வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அவன் உள்ளே கட்டிலுக்கு அடியில் கிடந்தான்.

அதன்பிறகு அகலவாயில் கிழங்கு போடப் பெண்கள் வரவில்லை. அனோசியேவின் இரண்டு மிஷின்முன் வரிசை தெருவரை நீண்டது; இடம் கிடைக்காதவர்கள் வீட்டில் கையாலேயே துருவினார்கள்.

அனோசியே ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்தான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் நீர்க்கஞ்சிதான். போலீஸ்காரன் வந்து அடித்தது யார் என்று கேட்டபோது தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டான். வலது கை ஒட்டியது, ஆனால் கோணலாக. விரல்கள் மடங்கவில்லை. இனி அந்தக் கையால் சுண்ணாம்புக் கட்டியைக்கூடப் பிடிக்க முடியாது.

அவன் வீடு திரும்பிப் பத்து நாள் இருக்கும். மழைவிட்ட ஒரு மதியம். இரோஹா எங்கள் வளவுக்குள் வந்து நடுமுற்றத்தில் நின்றான். சட்டை தொளதொளத்தது. நான் தையலை நிறுத்தினேன்.

"தேதே," என்றான். "புதுசு செய்யணும். அட்டை அச்சு வேணும்."

உரேதியா அடுப்படியிலிருந்து கொதிக்கும் குழம்புச் சட்டியோடு வெளியே வந்தாள். ஊற்றத்தான் வந்தாள். அக்குவோமா அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. வெக்கமில்லாம வந்து நிக்கிறான். ஒடிச்ச கைக்கிட்டயே வந்து கேக்குறான்."

அனோசியேவின் தாடை இன்னும் சரியாகத் திறக்காது. பல்லுக்கு நடுவில்தான் பேசினான்.

"அச்சு உள்ள இருக்கு. எடுத்துக் குடு."

"குடுக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

"அந்த மிஷின்ல கைய விடப்போறது அவன் இல்லையே, உரேதியா."

அவள் சட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அட்டை அச்சுகளைக் கொண்டுவந்து முற்றத்தில் வீசினாள். ஒன்று இரோஹாவின் முகத்தில் பட்டது. அவன் பொறுக்கினான்.

"இங்க வெட்டு. என் கண்ணு முன்னால," என்றான் அனோசியே.

இரோஹா தகடு கொண்டுவந்து அச்சை வைத்துக் கோடு போட்டுக் கத்தரியால் வெட்டினான். அனோசியே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துத் தகட்டை வெட்டும்போது இரோஹா வழக்கம்போலத் தகடு மிச்சம் பிடித்தான். அச்சைவிட இரண்டு விரக்கடை குறைத்துவிட்டான். தெரிந்தே செய்ததா, கைப்பழக்கமா என்று எனக்குத் தெரியாது.

அனோசியே எழுந்தான். இடது கையால் ஓர் அறை விட்டான். அது தெருவாசல் வரை கேட்டது. இரோஹாவின் உதடு கிழிந்து ரத்தம் தகட்டில் சொட்டியது. அவன் கத்தரியைக் கீழே வைத்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் இரண்டு கையும் நன்றாக இருக்கிறவன்.

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். வெட்டியதை ஓரமாகப் போட்டான். புதுத் தகடு ஒன்றை இழுத்து, அச்சை அதன்மேல் வைத்து, முட்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி கோடு போட ஆரம்பித்தான்.

வெயில் சாய்ந்தது. உரேதியா ஒரு தட்டில் மரவள்ளி உருண்டையும் குழம்பும் கொண்டுவந்து புருஷன்முன் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு கொண்டுவந்தாள். இரோஹாவுக்கு நாலடி தள்ளி, அவனைப் பார்க்காமல், மண்ணில் வைத்தாள்.

"தின்னுட்டு வெட்டு," என்றாள். "பசியோட வெட்டுனா இன்னொரு வாட்டியும் கொறையும்."

அவன் கையைக் கழுவ எழுந்தான்.